மதியம் ஆனால் ஆபீசில் தலை பாரமா?

தர்மபுரியில் நான் கணக்கு எழுதும் மாடி ஆபீசில் மதியம் 3 மணிக்கெல்லாம் பலருக்கும் தலை பாரமாகிவிடும், கண் எரியும். வெளியே வந்து பஸ் ஏறினால் சரியாகிவிடும். கோளாறு ஆபீஸ் காற்றில் இருக்கலாம் என்பதற்கு அதுதான் முக்கியமான துப்பு. எப்போது வருகிறது, எப்போது விடுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

பெரும்பாலான ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிவிடும்; நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே சேரும். அதை அளக்கும் மீட்டர் கிடைத்தால் மூச்சு நேராகப் படாத இடத்தில் வையுங்கள். வெளியில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) இருக்கும். உள்ளே 1000 தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை. நாங்கள் லாரி ஓடும் ரோட்டுப் பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்க ஜன்னலை மணிக்கு 10 நிமிடம் திறக்கிறோம்.

அப்புறம், ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். எங்களுடையதில் கம்பளி மாதிரி தூசி அப்பியிருந்தது. சுவரில் பூஞ்சை வாடை அடித்தால் பெயிண்ட் பூசி மறைக்க வேண்டாம். முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள்.