சென்னையில் வீடு பார்க்கும் மலேசியத் தமிழர்களுக்கு: முத்திரைத்தாளைக் கண்டு மயங்காதீர்கள்

பிள்ளை படிப்புக்கோ அம்மா வைத்தியத்துக்கோ சென்னைக்கு வந்து சில வருடம் தங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் அதிர்வது அட்வான்ஸைக் கேட்டுத்தான். நம்மூரில் இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அதோடு முடிந்தது. இங்கே பத்து மாத வாடகையைச் சாதாரணமாகக் கேட்பார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் செல்லும் என்று அதே சட்டமே கதவைத் திறந்தும் விட்டிருக்கிறது. அதனால் கூச்சப்படாமல் பேரம் பேசுங்கள், இறங்கி வருவார்கள்.

மற்றதெல்லாம் சுலபம். எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், ஓனர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்பி வர வேண்டும். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம், அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நாம் வெளிநாட்டு பாஸ்போர்ட் என்பதால் வீட்டுக்கு வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஓனர் குடிவரவுத் துறைக்கு இணையத்தில் தகவல் தர வேண்டும். இந்த வேலைக்குப் பயந்தே பலர் நமக்கு வீடு தர மாட்டேன் என்பார்கள். வெறும் சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லீஸ்.

சென்னையில் லீஸ் என்றால் மொத்தமாகப் பத்து, பதினைந்து லட்சம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. போகும்போது முழுப் பணமும் கைக்கு வரும் என்பது பேச்சு. நம் ஆட்கள் உடனே மலேசிய வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், கணக்குப் போடுவார்கள். அட, இவ்வளவுதானா என்று தோன்றும். கிள்ளானிலிருந்து வந்த என் நண்பருக்கும் அப்படித்தான் தோன்றியது. வளசரவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு, 12 லட்சம். பேசியது ஓனர் இல்லை, நடுவில் ஒரு நிறுவனம். "ஓனர் வெளியூர்ல இருக்கார் சார், எல்லாம் நாங்கதான் பாத்துக்கறோம்" என்றார்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாள், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, ஊதா மையில் நோட்டரியின் வட்ட முத்திரை. நம்மூரில் வாடகை ஒப்பந்தத்துக்கு வரி அலுவலகமான ஹாசிலில் ஸ்டாம்ப் அடித்தால் வேலை முடிந்தது, மூன்று வருடம் வரை தனிப் பதிவு தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் இவரும் முத்திரையைப் பார்த்துத் திருப்தியாகிவிட்டார்.

சில மாதம் கழித்து நிஜமான ஓனர் வாசலில் வந்து நின்றார். கையில் அவருடைய ஒப்பந்தம்: அந்த நிறுவனம் வீட்டை அவரிடம் மாத வாடகைக்கு எடுத்திருக்கிறது, வாடகை பாக்கி, வீட்டைக் காலி செய். சாப்பாட்டு மேசையில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் அதே நிறுவனத்தின் கையெழுத்து. 12 லட்சத்தில் ஓனர் ஒரு பைசா பார்க்கவில்லை. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, அவரும் ஏமாந்தவர்தான். நண்பர் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார். இதே ஆள் கிள்ளானில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினால்கூட அதன் உரிமைப் பத்திரமான கிராண்ட்டை மூன்று முறை சரிபார்ப்பார்!

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸ், அதாவது குத்தகை, என்றால் இந்தியச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும். வீட்டையே ஈடாக வைத்துக் குடியிருக்கும் போக்கியத்துக்கும் அப்படித்தான். பதிந்தால் அது வில்லங்கச் சான்றில், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலில், ஏறும், பிறகு யாரும் மறைக்க முடியாது. நோட்டரி முத்திரை இதற்கு ஈடாகாது.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். முதலில் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் வங்கிக் கடன். பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கினால் அந்த ஆவணத்தையும் 2012 டிசம்பரிலிருந்து பதிய வேண்டும், ஆகவே அதுவும் சான்றில் தெரியும். அப்படி ஒரு கடன் இருந்து ஓனர் தவணை கட்டாமல் விட்டால், வீட்டின் மேல் முதல் உரிமை வங்கிக்கு. உங்கள் லட்சங்கள் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும்.

ஓனரை நேரில் பாருங்கள். சான்றில் உள்ள பெயரும் அவர் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்து, பணத்தை அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். ஓனர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை ஏஜென்ட் காட்டினால் அது பதியப்பட்டதா, ரத்தாகியிருக்கிறதா என்று ஒரு வக்கீலை வைத்துப் பாருங்கள். வக்கீல் செலவுக்கு முகம் கோணாதீர்கள்.

ஓனர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரமாட்டேன் என்கிறாரா? லீஸே வேண்டாம், மாத வாடகைக்குப் போங்கள்.