போட்டி நாளில் பறையாட்டக் குழுவைத் தயார்செய்தல்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் நடந்துவரும் கலைத் திருவிழாவில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் போட்டிகள் நடைபெறுகின்றன. பள்ளி அளவில் வென்ற பறையாட்டக் குழுவை முதன்முறையாக வெளியூருக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், அன்று காலையில் புதிய அடி எதையும் சொல்லிக்கொடுக்க முற்பட வேண்டாம். மேடை ஏறும் நேரத்தில் பறையின் தோலும் பிள்ளைகளின் உடம்பும் ஒருசேரச் சூடேறியிருக்கும்படி வேலைகளை வரிசைப்படுத்திக்கொண்டால் போதும்.

புறப்படும் முன் ஒவ்வொரு பறையையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மரக்கட்டைகள் இணையும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா, தோலின் விளிம்பில் பசை விட்டிருக்கிறதா என்பதை விரலால் தடவியே அறியலாம். வலக்கைக்குரிய அடிக்குச்சி எளிதில் முறியாது. இடக்கையில் பிடிக்கும் மெல்லிய சிண்டுக்குச்சிதான் ஆட்டத்தின் நடுவே முறியும். ஆகவே ஆளுக்கு ஒரு சிண்டுக்குச்சியைக் கூடுதலாக எடுத்துச்சென்று, ஆடும்போது அதை இடுப்புக் கச்சையில் செருகிக்கொள்ளச் செய்யலாம்.

போட்டி நடக்கும் இடத்தை அடைந்ததும் வரிசை எண்ணையும் கால வரம்பையும் பொறுப்பாளரிடம் உறுதிசெய்துகொண்டு, குழுத்தலைவரை மட்டும் அழைத்துச்சென்று மேடையைக் காட்ட வேண்டும். பள்ளி மைதானத்தில் வட்டமாக விரிந்து ஆடிப் பழகியவர்களுக்கு மேடை குறுகலாக இருக்கக்கூடும். அப்படியிருந்தால், எந்த அடவில் (ஆட்ட அசைவில்) எத்தனை காலடி குறைப்பது என்பதை அங்கேயே முடிவுசெய்துவிடலாம். ஒலிபெருக்கி வைத்திருப்பவரிடம் பறைக்கு அருகில் ஒலிவாங்கி வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. பறைக்கு இயல்பாகவே போதிய ஒலி உண்டு. ஒலிவாங்கி அருகில் இருந்தால் அடிகள் ஒன்றோடொன்று குழம்பி இரைச்சலாகவே கேட்கும்.

தோலைக் காய்ச்சும் வேலைக்குத்தான் மிகுந்த கவனம் தேவை. மாட்டுத்தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தொய்வடையும் என்பதால், முந்தைய நாள் கணீரென்று ஒலித்த பறைகூட மழைக்காலக் காலையில் மந்தமாக ஒலிக்கும். இப்போட்டிகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் வருவதால் வெயிலை மட்டும் நம்பியிருக்க முடியாது. வளாகப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, பந்தலிலிருந்தும் வண்டிகளிலிருந்தும் விலகிய இடத்தில், ஒரு வாளித் தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு, வைக்கோலையோ காகிதத்தையோ சிறிது சிறிதாக எரிக்க வேண்டும். தீயைப் பெரியவர் ஒருவரே கையாள வேண்டும். ஒப்பனையும் ஆடையும் அணிந்த பிள்ளைகள் அதன் பக்கத்தில் நிற்கக் கூடாது. தோல்புறத்தைத் தழலுக்குக் காட்டி, ஓரிடத்தில் நிறுத்தாமல் பறையைச் சுழற்றியபடியே இடையிடையே தட்டிப் பார்க்க வேண்டும். ஒலி கூர்மையடைந்ததும் விலக்கிவிட வேண்டும், ஏனெனில் அளவுக்கு மீறிக் காய்ந்தால் தோல் கிழியவோ பசை விடவோ கூடும். நெடுநேரம் முன்னதாகக் காய்ச்சினால் மறுபடியும் தொய்ந்துவிடும் என்பதால், நமக்கு முன்னால் இரண்டு மூன்று குழுக்கள் எஞ்சியிருக்கும்போது தொடங்குவதே சரியான கணக்கு. காய்ச்சி முடித்த பறைகளை ஈரத்தரையில் வைக்காமல் துணியில் சுற்றிக் கையிலேயே வைத்திருக்கச் செய்ய வேண்டும். நெகிழித்தோல் பறைகளுக்கு இந்தப் பாடு இல்லை என்றாலும், காய்ச்சிய மாட்டுத்தோலின் நாதத்துக்கு அவை ஈடாகா என்பதே என் கருத்து.

உணவைப் பொறுத்தவரை, காலையில் இட்லியும் பிறகு வாழைப்பழமும் போதும். வயிறு நிறையப் பிரியாணி உண்டவர்களால் குதித்து ஆட முடியாது. சலங்கையை நேரடியாகத் தோலில் கட்டினால் கணுக்கால் சிராய்த்துவிடும் என்பதால், அடியில் பருத்தித் துணியைச் சுற்றிய பிறகே இறுக்கிக் கட்ட வேண்டும். சலங்கை கட்டிய பின் சில நிமிடங்கள் பறையில்லாமல் அடவுகளை மெதுவாக ஆடிப்பார்த்தால் கால்கள் இளகிவிடும்.

மேடையில் குழுத்தலைவரின் முதல் அடிக்கு அனைவரும் காத்திருக்க வேண்டும் என்பதை ஏறுமுன் ஒருமுறை நினைவூட்டலாம். குச்சி கீழே விழுந்தால் குனிந்து எடுக்காமல் இடுப்பிலிருப்பதை உருவிக்கொள்ள வேண்டும். கால வரம்பைத் தாண்டாதபடி, ஆசிரியர் மேடைக்கு எதிரே பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் நின்று, முடிவு அடவுக்குக் கையசைத்துக் குறிப்புத் தர வேண்டும்.

இறங்கியதும் சலங்கைகளை அவிழ்க்கச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, பறைகளையும் குச்சிகளையும் எண்ணிப் பைகளில் வைத்த பிறகே முடிவு அறிவிக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.