பூச்சுக்கு முன் ஒரு சிவப்புப் பேனை

வீடு கட்டும்போது வரைபடத்தின் ஒரு பிரதியை வேலைத்தளத்திலேயே வைத்து, செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் அன்றைக்கே சிவப்புப் பேனையால் திகதியுடன் குறித்துவிடுங்கள். அத்திவாரம் போடும்வரை தகவல் பொறியியலாளரிடமிருந்து மேசனுக்குப் போகும். சுவர் எழும்பியபின் எதிர்த்திசையில் வரவேண்டும், பெரும்பாலும் வருவதில்லை. குழாய் எந்த உயரத்தில் வளைகிறது என்பது பூச்சுக்குள் மறைந்துவிடும், துளையிடும்போதுதான் தெரியவரும். பூசுமுன் அளவுநாடாவைச் சுவரில் பிடித்து ஒரு படமும் எடுங்கள். யாழ்ப்பாணத்தில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தைக் கட்டாயம் குறியுங்கள்; சுண்ணாம்புக்கல் நிலத்தில் கழிவு நிலத்தடி நீரை எளிதில் எட்டிவிடும். கனடாவிலிருந்து காசு அனுப்பும் உரிமையாளருக்கும் அந்தத் தாளின் படம் போதும், தொலைபேசியில் மணிக்கணக்காக விளக்க வேண்டியதில்லை. தூண், பீம், கம்பி ஆகியவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றை மாற்றிவிட்டுக் குறிப்பதில் பயனில்லை, பொறியியலாளரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.