களவாவின் நீளத்தையும் எழுதுங்கள்: பவளப்பாறை மீன்களைக் கணக்கெடுப்பது எப்படி

முதல் கணக்கெடுப்பு முடிந்து நான் மேலே கொண்டுவந்த ஸ்லேட்டில் "களவா 7, கிளிமீன் 31" என்று மட்டும் இருந்தது. குழுவை நடத்தியவர் பார்த்துவிட்டு, "சரி, எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார். முழித்தேன். ஒரு மணி நேர உழைப்பு அந்த ஒரு கேள்வியில் போனது.

மனிதர் கை பட்ட பாறையில் முதலில் காணாமல் போவது பெரிய மீன்கள். களவாக்களில் பல இனங்கள் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பிறகு ஆணாக மாறுபவை. பெரியவற்றையே தொடர்ந்து பிடித்தால் ஆண்கள் அரிதாகிவிடும். நான் எண்ணிய ஏழும் சிறு பெண் மீன்களாக இருந்திருந்தால் அந்த 7 என்ற எண்ணைப் பார்த்து மகிழ எதுவும் இல்லை. பெரிய பெண் மீன் இடும் முட்டையும் சிறியதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆகவே, கடலில் இறங்கும் முன் கண்ணைப் பழக்குங்கள். தண்ணீருக்குள் முகமூடி வழியாகப் பார்த்தால் பொருள்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 30 செ.மீ. மீன் 40 போல இருக்கும். எடை நீளத்தின் கன அளவை ஒட்டிக் கூடுவதால், இந்தப் பிழை எடைக் கணக்கில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பிவிசி குழாயை 10 முதல் 60 செ.மீ. வரை பல நீளங்களில் வெட்டி, ஆழம் குறைந்த இடத்தில் நண்பரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீளத்தை ஊகித்து எழுதி, கரையேறிச் சரிபாருங்கள். எனக்கு நான்கு நாள் ஆனது. மீனை நேராக அளக்க முயலாதீர்கள். அதன் மூக்கும் வாலும் எந்தக் கல், எந்தப் பவளக் கிளைக்கு நேராக இருந்தன என்று பார்த்துவையுங்கள். அது நகர்ந்ததும், அளவு குறித்த குச்சியை அந்த இடத்தில் நீட்டிப் பாருங்கள்.

தன்னார்வலர்களுக்கு எளிதான முறை, பவளப்பாறைகளைக் கண்காணிக்கும் ரீஃப் செக் அமைப்பு 1997 முதல் பல நாடுகளில் நடத்திவருவது. ஒரே ஆழத்தில் 100 மீட்டர் டேப்பை விரியுங்கள். அதில் தலா 20 மீட்டர் நீளத்துக்கு நான்கு துண்டுகள், நடுவில் 5 மீட்டர் இடைவெளிகள். டேப்பின் இரு பக்கமும் இரண்டரை மீட்டர், மேலே 5 மீட்டர் வரைதான் உங்கள் எல்லை. டேப் விரித்ததும் 15 நிமிடம் விலகியிருங்கள், கலைந்த மீன்கள் திரும்ப வரட்டும். நான் ஒருமுறை பொறுமையில்லாமல் உடனே தொடங்கி, கிட்டத்தட்ட காலிப் பாறையைக் கணக்கெடுத்தேன். அப்புறம், பின்னாலிருந்து உங்களைத் தாண்டிப் போகும் மீனை எண்ணாதீர்கள். ஆர்வமுள்ள மீன் ஒன்றே மூன்று முறை வரும். பென்சிலை நூலில் கட்டிக்கொள்ளுங்கள், இரண்டாவதையும்.

எல்லா இனத்தையும் எழுத வேண்டாம். களவா, கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன் என மூன்று கூட்டம் போதும், நிறையச் சொல்லும். வண்ணத்துப்பூச்சி மீன்கள் தாராளமாகத் திரிகின்றன, பெரிய களவா ஒன்றுகூட இல்லை என்றால் முதலில் மீன்பிடிப்பைச் சந்தேகியுங்கள். பவளத்தைத் தின்னும் வண்ணத்துப்பூச்சி இனங்களே குறைந்திருந்தால், பவளம் செத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று தரையைப் பாருங்கள். கிளிமீன் கதை வேறு. அவை பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்பவை. பாசி ஏறிய இடத்தில் குட்டிப் பவளம் ஒட்ட முடியாது. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்கள் ஏற்கெனவே பிடித்துத் தீர்க்கப்பட்டிருந்த நிலையில், 1983இல் நோய் வந்து, பாசி தின்னும் கடல் முள்ளெலிகளும் மடிந்தன. 1970களின் இறுதியில் பாதிக்கு மேல் இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போனது. மத்திய அமெரிக்க நாடான பெலிஸ் 2009இல் கிளிமீன் பிடிப்பதையே தடை செய்தது.

ஸ்லேட்டின் ஓரத்தில் வேறு சிலவற்றையும் குறியுங்கள்: சிக்கிய வலை, நங்கூரம் உடைத்த பவளம், வெடி போட்டதன் அடையாளமாக வட்டமாகக் கிடக்கும் பவள உடைசல். மீன் உங்களைக் கண்டு எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது என்பதும் தகவல்தான். ஈட்டியால் வேட்டையாடும் இடங்களில் அவை சீக்கிரமே ஓடும்.

ஒருமுறை எண்ணியதை வைத்து யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். அதே இடம், அதே பருவம், அதே நேரம் என ஆண்டுதோறும் திரும்பி வாருங்கள். மீன்பிடிக்கத் தடையுள்ள பகுதியிலும் வெளியிலும் ஒரே ஆழத்தில் எடுங்கள். மெக்சிகோவின் காபோ புல்மோ 1995இல் தேசியப் பூங்கா ஆனது. 1999க்கும் 2009க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 460 சதவீதத்துக்கு மேல் கூடியது. இரண்டு ஆண்டுகளிலும் மீன்களின் நீளமும் எழுதப்பட்டிருந்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

ஒன்றை மட்டும் ஊருக்குச் சொல்லாதீர்கள். வயிறு பருத்த களவாக்கள் நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் கூடியிருந்தால் அது முட்டையிடும் இடம். பல இனங்கள் முழுநிலவை ஒட்டி, ஆண்டுதோறும் அதே இடத்துக்கு வரும். கரீபியக் கடலின் லிட்டில் கேமன் தீவில் அப்படியோர் இடம் 2001இல் தெரியவந்தது. இரண்டே பருவங்களில் சுமார் 4,000 நசாவ் களவாக்கள் பிடிபட்டன, 2003இல்தான் தடை வந்தது. அப்படி ஓர் இடத்தைக் கண்டால், நான் அதைத் தனித் தாளில் எழுதி, பாதுகாப்புப் பகுதியை நிர்வகிப்பவரிடம் நேரில் கொடுப்பேன். கேமராவில் இருப்பிடம் பதிவாகும் வசதியைப் படகு ஏறும் முன்பே அணைத்துவிடுவேன்.