எக்ஸ்பேண்டபிள் ஸ்பைன் கேஜ் டிசைன் பண்ணப் போறீங்களா, முதல்ல சர்ஜன் எந்த வழியா உள்ள போறார்னு பாருங்க

மெக்கானிக்கலோ பயோமெடிக்கலோ முடிச்சிட்டு இம்ப்ளான்ட் பக்கம் வர்றவங்க நிறைய பேர், எக்ஸ்பேண்டபிள் கேஜ் (டிஸ்கை எடுத்த இடத்துல ரெண்டு முதுகெலும்புக்கு நடுவுல வச்சு, உள்ள போன பிறகு விரிக்கற இம்ப்ளான்ட்) அப்படின்னு சொன்ன உடனே கேட் (CAD) சாஃப்ட்வேர்ல ஒரு ஸ்க்ரூ, ரெண்டு வெட்ஜ், மேல கீழ ரெண்டு பிளேட்னு போட ஆரம்பிச்சிடறாங்க. மாடல் ஸ்க்ரீன்ல அழகா விரியும், ஆனா அது எந்த ஆபரேஷனுக்குன்னு கேட்டா பதில் இருக்காது. மெக்கானிசம் கடைசியில வரவேண்டிய விஷயம்ங்க. டிஸ்க் இருந்த இடத்துக்கு சர்ஜன் பின்னாடி இருந்து போறாரா, பக்கவாட்டுல போறாரா, வயித்துப் பக்கம் இருந்து போறாரா, அதுதான் அகலம், நீளம், எந்தத் திசையில விரியணும், கேஜை உள்ள கொண்டு போற கருவியான இன்செர்ட்டர் எங்க பிடிக்கணும்னு எல்லாத்தையும் முடிவு பண்ணுது.

கீழ்முதுகை மட்டும் எடுத்துக்கலாம், எல்4-எல்5, எல்5-எஸ்1 தான் அதிகமா ஃப்யூஷன் பண்ற, அதாவது ரெண்டு எலும்பை ஒண்ணா ஒட்ட வைக்கற லெவல் (எல்4, எல்5 கீழ்முதுகோட நாலாவது, அஞ்சாவது எலும்பு, எஸ்1 அதுக்குக் கீழ இருக்கற சேக்ரமோட மேல் பகுதி). பின்னாடி வழியில ரெண்டு வகை இருக்கு. பிலிஃப்ல (PLIF) நரம்பு உறைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கேஜ், அகலம் சுமார் 8-ல இருந்து 11 மிமீ, நீளம் 22-ல இருந்து 28 மிமீ. டிலிஃப்ல (TLIF) ஒரு பக்க ஃபேசெட் ஜாயின்ட்டை (முதுகெலும்புகளைப் பின்னாடி இணைக்கற சின்ன மூட்டு) எடுத்துட்டு சாய்வா போய் ஒரே கேஜ் வைப்பாங்க, அது 30 மிமீ வரைக்கும் அல்லது கொஞ்சம் கூடவும் நீளமா இருக்கும். ரெண்டுலயும் வாசல் ரொம்ப சின்னது, வெளிய போற நரம்பு வேர் ஒரு பக்கம், உறை இன்னொரு பக்கம், கீழ எலும்பு. நரம்பை எவ்வளவு குறைவா இழுக்கறோமோ அவ்வளவு நல்லது. அதனாலதான் எக்ஸ்பேண்டபிளோட உண்மையான பலன் இங்க இருக்கு, 7, 8 மிமீ உயரத்துல மூக்கு கூரா உள்ள போய், போன பிறகு 11, 12-க்கு விரிஞ்சா நரம்பு பக்கத்துல வச்சு பெரிய துண்டை சுத்தியால அடிச்சு ஏத்த வேண்டியதில்ல.

பக்கவாட்டு வழி வேற கதை. அங்க முதுகெலும்பை ஒட்டி இருக்கற சோயாஸ் தசைக்குள்ள போறாங்க, லம்பார் நரம்புப் பின்னல் அதுக்குள்ளதான் ஓடுது, அதான் நரம்பைக் கண்காணிக்கற நியூரோமானிட்டரிங் வச்சுக்கிட்டே போவாங்க. எல்5-எஸ்1-க்கு இடுப்பெலும்பு குறுக்க நிக்கும், அந்த லெவலை இந்த கேஜோட லிஸ்ட்லயே சேர்க்காதீங்க. அகலம் 18-ல இருந்து 22 மிமீ, நீளம் 45-ல இருந்து 60 மிமீ வரைக்கும் போகும், ரெண்டு ஓரத்து எலும்பு வளையத்து மேலயும் உக்காரும், அது பெரிய பலம். முன்பக்கம் வழியா போற ஏலிஃப்ல (ALIF) வாசல் இன்னும் பெருசு, ஆனா எல்4-எல்5-ல பெரிய ரத்தக்குழாய்களை நகர்த்தணும், கேஜோட முன் முகத்துல எதுவும் துருத்திக்கிட்டு இருக்கவே கூடாது. என் அபிப்பிராயம், ஏலிஃப்ல பல கோணத்துல ஃபிக்ஸட் கேஜ் செட் வச்சாலே பெரும்பாலான வேலை முடிஞ்சிடும், விரியணும்ங்கற கட்டாயம் அங்க குறைவு.

இப்ப முக்கியமான இடம். லார்டோசிஸ், அதாவது கீழ்முதுகோட உள்வளைவு, அதுல மூணுல ரெண்டு பங்கு எல்4-ல இருந்து எஸ்1-க்குள்ளயே இருக்கு, அதனால கேஜ் உயரத்தை மட்டும் ஏத்தினா போதாது, முன்பக்கம் அதிகமா திறக்கணும். பின்னாடி இருந்து நேரா போற கேஜோட நீளம் முன்-பின் திசையில கிடக்கும், கீல் இன்செர்ட்டர் பக்கத்து முனையில வரும், தூரத்து முனை திறக்கும். பக்கவாட்டு கேஜ் குறுக்க கிடக்கறதால கீல் அதோட நீளமான பின் ஓரம் முழுக்க ஓடணும், இன்செர்ட்டரோட அச்சுக்கு இணையா. ஏலிஃப்னா தலைகீழ், கீல் தூரத்துல, திறக்கற முனை இன்செர்ட்டர் கிட்ட. அப்ப பின்னாடி வழிக்கு பண்ணின மெக்கானிசத்தை பெருசாக்கி பக்கவாட்டுக்கு வைக்க முடியாது, புதுசாதான் யோசிக்கணும். டிலிஃப்ல நேர் கேஜ் சாய்வா உக்கார்ந்துச்சுன்னா, அதோட மூக்கு மட்டும் தூக்கினா திறப்பும் சாய்வாதான் வரும், முதுகு பக்கவாட்டுல லேசா சரியும். அதுக்கு ஒண்ணு உள்ள போய் திரும்பி முன்னாடி உக்கார்ற வாழைக்காய் ஷேப் எடுங்க, இல்லன்னா திறக்கற கோணத்தையே சாய்வுக்கு ஏத்தபடி வெட்டுங்க.

அடுத்து விசை. இதை பேப்பர்ல போட்டுப் பார்க்காம யாரும் ப்ரோட்டோடைப்புக்குப் போகாதீங்க. எம்5 ஸ்க்ரூ, 0.8 மிமீ பிட்ச், ஹேண்டில்ல 1 நியூட்டன் மீட்டர் டார்க், அது கையால சாதாரணமா வர்ற அளவு. உராய்வு போக திறன் 20 சதவீதம்னு வச்சா கூட ஸ்க்ரூ அச்சுல சுமார் 1500 நியூட்டன், கிட்டத்தட்ட 150 கிலோ எடை. வெட்ஜ் கோணத்தைப் பொறுத்து மேல்நோக்கி அது கூடும் குறையும். கார் ஜாக்கி மாதிரிதான், திருப்பற கைக்கு பாரமே தெரியாது, ஆனா எண்ட்பிளேட்டுக்கு, அதாவது கேஜ் உக்கார்ற எலும்பு முகத்துக்குத் தெரியும். எண்ட்பிளேட் நடுவுல பலவீனம், ஓரத்துல பலம், எலும்பு தேய்ஞ்ச வயசானவங்களுக்கு நடுப்பகுதி சுலபமா உள்ள இறங்கிடும், அதைத்தான் சப்சிடென்ஸ்னு சொல்றோம். அதனால டிரைவர்ல டார்க் லிமிட்டர் கண்டிப்பா வேணும், லிமிட்டை சப்சிடென்ஸ் டெஸ்ட் வச்சு முடிவு பண்ணுங்க. ஏஎஸ்டிஎம் எஃப்2267-ல கிரேட் 15 பாலியூரித்தேன் ஃபோம்ல அழுத்திப் பார்ப்பாங்க, அதோட இன்னும் அடர்த்தி குறைஞ்ச ஃபோம்லயும் பாருங்க. சின்ன பிளேட்ல விசை குவியறதுதான் பின்வழி கேஜோட பெரிய தலைவலி, அதான் சில டிசைன்ல முதல்ல அகலம் விரிஞ்சு அப்புறம் உயரம் ஏறுது.

விரிஞ்சது அப்படியே நிக்கணும். 1999-ல ஆராய்ச்சியாளர் வில்கேயோட டீம் ஒருத்தரோட டிஸ்குக்குள்ள சென்சார் வச்சு அழுத்தத்தை அளந்தப்ப சும்மா நிக்கறப்ப 0.5 மெகாபாஸ்கல், முதுகை வளைச்சு 20 கிலோ தூக்கறப்ப 2.3. திரெட் கோணம் உராய்வுக் கோணத்தை விட சின்னதா இருந்தா ஸ்க்ரூ தானா பின்னாடி சுத்தாது, ஆனா லட்சக்கணக்கான தடவை அசைவு வரும்போது அதை மட்டும் நம்பாதீங்க, தனி லாக் ஒண்ணு வைங்க. ஏஎஸ்டிஎம் எஃப்2077 ஃபெடீக் டெஸ்ட் 50 லட்சம் சைக்கிள், அதை முழுசா விரிஞ்ச உயரத்துல, உங்க சைஸ்லயே சின்ன ஃபுட்பிரிண்ட்ல பண்ணுங்க, அதுதான் மோசமான நிலை. உதிர்ற துகளையும் சேகரிச்சுப் பாருங்க.

எலும்பு ஒட்டறதுக்குத்தான் இவ்வளவும், ஆனா மெக்கானிசம், எலும்பு வளர உள்ள அடைக்கற கிராஃப்டோட இடத்தைத் தின்னுடும். கேஜ்ல கிராஃப்டுக்கு 6-க்கு 15 மிமீ ஜன்னல், 4 மிமீ ஏறினா 0.36 சிசி காலி இடம் புதுசா வருது, முன்னாடியே அடைச்ச கிராஃப்ட் எண்ட்பிளேட்டை விட்டு விலகி நிக்கும். விரிஞ்ச பிறகு இன்செர்ட்டர் வழியாவே கிராஃப்ட் தள்ள ஒரு குழாய் வழி கட்டாயம், அப்ப ஸ்க்ரூ நடுவுல இருக்க முடியாது, ஓரத்துக்குத் தள்ளுங்க இல்லன்னா உள்ள துளை விடுங்க. இதை முதல் ஸ்கெட்ச்லயே போடலன்னா பிறகு இடமே கிடைக்காது.

மெட்டீரியல் பெரும்பாலும் டைட்டானியம் அலாய்தான், பீக் (PEEK) பிளாஸ்டிக்ல சின்ன திரெட் தாங்காது. டைட்டானியத்து மேல டைட்டானியம் உரசினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு (galling) பாதியில இறுகிடும், திரெட்டுக்கு அனோடைசிங் பாருங்க. த்ரீடி பிரிண்ட்ல பொரஸ் பிளேட் எடுக்கலாம், ஆனா திரெட்டை மெஷின் பண்ணுங்க, இடுக்குல பவுடர் தங்கலன்னு வெட்டிப் பார்த்து உறுதி பண்ணுங்க.

கடைசியா இறந்தவங்க உடல்ல செஞ்சு பார்க்கற கேடவர் லேப்ல சர்ஜன் கிட்ட கொடுக்கும்போது வைக்கறதை மட்டும் பார்க்காதீங்க. பாதி விரிச்சு, டிரைவரைக் கழட்டி, மறுபடி மாட்டி, சுருக்கி வெளிய எடுக்கச் சொல்லுங்க, ரத்தமும் கிராஃப்டும் திரெட்ல ஒட்டின நிலையில. சுருங்க மாட்டேங்குதுன்னா அந்த டிசைன் இன்னும் ரெடி ஆகல.