முதுகு நாடாவைப் புரட்டித் தந்த மீன்பிடி இடுக்கி

ரவிக்கையின் முதுகு நாடாவைக் கால் அங்குல அகலத்தில், உட்புறம் வெளியே தெரியும் குழாயாகத் தைத்துவிட்டேன்; நல்ல பக்கம் வெளியே வரப் புரட்டுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஊக்கு உள்ளேயே திறந்து துணியில் மாட்டிக்கொண்டது. பின்னல் ஊசி தையலைப் பிளந்தது. நாட்கள் இதிலேயே போயின.

திருகோணமலையில் மீன்பிடிப் பொருட்கள் விற்கும் கடையொன்றில், மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றும் நீண்ட இடுக்கி கிடைத்தது. அறுவை சிகிச்சையில் இரத்தக் குழாயைப் பிடிக்கும் இடுக்கியின் அதே வடிவம். பிடியருகே பற்கள் பூட்டிக்கொள்ளும். மூடிய இடுக்கியை நாடாவுக்குள் விட்டு, துணியைச் சுருக்கி அதன்மேல் ஏற்றி, மறுமுனையைக் கவ்விப் பூட்டி மெதுவாக இழுத்தேன். முழுவதும் புரண்டு வந்தது, அப்பாடா!

முக்கியமானது கவ்வும் இடம். ஒற்றைத் துணியைக் கவ்வினால் இழை பிரியும். தையல் விளிம்பு இரட்டையாக இருக்கும் இடத்தையே கவ்வ வேண்டும். மெல்லிய பருத்திக்கு முதல் பல்லில் பூட்டினால் போதும். வளைந்த மூக்கு துணியில் இடறும், நேரானதையே வாங்குங்கள்.