ஸ்டவுட்டை ஒப்பிட ஒரு மேசை, மூன்று கிளாஸ்கள்

ஸ்டவுட் என்ற கறுப்பு பியரில் "இறக்குமதிதான் திறம்" என்ற பேச்சு திருகோணமலை உவர்மலையில் எந்த விருந்துக்குப் போனாலும் காதில் விழுகிறது. சொல்கிறவர் உள்ளூர்ச் சரக்கையும் இறக்குமதியையும் ஒரே மேசையில் வைத்துக் குடித்துப் பார்த்திருக்கமாட்டார். எனக்கு நம் நாட்டு லயன் ஸ்டவுட்டில் பற்று உண்டு. 1849இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் தொடக்கிவைத்த பியர்த் தொழிலின் வழிவந்தது அது. இன்று பியகமவில் தயாராகிறது. ஆனால் ஒப்பிட உட்கார்ந்தால் பற்றை ஒதுக்கிவைக்க வேண்டும்.

முதலில் சோடி பொருந்த வேண்டும். லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 சதவீதம். டின்னில் இறக்குமதியாகும் அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் ஸ்டவுட்டில் அதில் பாதிகூட இல்லை. இவ்விரண்டையும் மோதவிட்டு ஒன்றைத் தண்ணீர் என்று ஒதுக்குவது அநியாயம். போதாததற்கு, அந்த டின்னுக்குள் நைதரசன் அடைத்த சிறு பிளாஸ்டிக் உருண்டை ஒன்று கிடக்கும். திறந்ததும் வாயு பீறிட்டு, மெத்தென்ற நுரையைக் கிளப்பிக் கசப்பைத் தணித்துவிடும். 7.5 சதவீதமுள்ள கின்னஸ் ஃபொரின் எக்ஸ்ட்ரா கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

போத்தலில் திகதியைப் பாருங்கள். வெக்கையில் நெடுநாள் கிடந்த பியரில் நனைந்த காகித அட்டையின் வாடை வரும். அது கம்பனியின் குற்றமல்ல, களஞ்சியத்தின் குற்றம். போயா எனும் பௌர்ணமி விடுமுறை அன்று கடை பூட்டியிருக்கும்; முந்திக்கொள்ளுங்கள்.

நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான்: ஐஸ் போடாதீர்கள். கடுங்குளிரில் நாக்கு மரத்துப்போகும், ஸ்டவுட்டின் வாசனை அடங்கிவிடும், எஞ்சுவது கசப்பு மட்டுமே. இரண்டையும் முதல்நாளே குளிர்சாதனப் பெட்டியின் ஒரே தட்டில் வையுங்கள். ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள்; கச்சான் காற்று அனலாய் வீசும் ஆனி, ஆடியில் பத்து நிமிடமே போதும். பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியஸில் வாசனை ஒவ்வொன்றாக எழும்பும்.

சவர்க்கார வழவழப்பு சிறிதும் இல்லாமல் கழுவிய மூன்று கிளாஸ்களை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, இரண்டில் ஒரே ஸ்டவுட்டையும் மூன்றாவதில் மற்றதையும் குசினியில் வைத்தே ஊற்றிவரச் சொல்லுங்கள். எது எதில் என்று அவருக்கு மட்டுமே தெரிய வேண்டும். தனித்து நிற்கும் கிளாஸை முதலில் கண்டுபிடியுங்கள். அது முடியாவிட்டால் எது திறம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிளாஸுக்கு இரண்டு மூன்று மடக்கு போதும், 8.8 சதவீதம் விளையாட்டல்ல.

குடிக்குமுன் கிளாஸைச் சாய்த்து, பின்னால் டோர்ச் வெளிச்சம் பிடியுங்கள். கறுப்பென்று நினைத்தது ஓரத்தில் கருஞ்சிவப்பாக மின்னும். பிறகு முகருங்கள். லயனில் எனக்கு முதலில் வருவது சொக்லட்டும் பனங்கட்டிப் பாகும், பின்னால் உலர்ந்த பழத்தின் மணம். விழுங்கியபின் இனிப்பு தொண்டையில் தங்கும், மதுசாரத்தின் சூடும் தெரியும். கின்னஸில் வறுத்த பார்லியின் கோப்பிக் கசப்பு முன்னுக்கு நிற்கும், முடிவு வறண்டிருக்கும். இடையிடையே வெறும் பாணும் தண்ணீரும் எடுங்கள். கிளாஸ் சூடேறியபின் மறுபடி ஒரு மடக்கு குடியுங்கள்: லயன் அப்போதுதான் விரியும், பழைய சரக்கின் குறையும் அப்போதுதான் வெளிப்படும்.

குறித்துவைத்த பிறகே நண்டுக்கறியை மேசைக்குக் கொண்டுவாருங்கள். அந்த உறைப்புக்கு லயனின் இனிப்பைத்தான் நான் எடுப்பேன். வெறும் உப்புப் போட்டுச் சுட்ட மீனுக்குக் கின்னஸின் கசப்பு நன்றாகப் பொருந்துகிறது.